ஐந்தருவியில் எத்தனை கிளை விழுது? குற்றாலத் தண்ணீரை அளக்கச் சொல்லித்தரும் ஆழ்வார்குறிச்சி படிப்பு!

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிக்காரர்களுக்கு வெளியூர்ச் சொந்தங்களிடமிருந்து வரும் போன்களில் ஒரே கேள்விதான். "என்ன மாமா, தண்ணி விழுதா?"

பதில் சொல்வதற்கென்றே ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. "ஐந்தருவியில மூணு கிளையில விழுது" என்றால், குடும்பத்தோடு கிளம்பலாம். "அஞ்சு கிளையிலயும் விழுது" என்றால் சீசன் களைகட்டிவிட்டது. "பேரருவியில ஆர்ச்சைத் தாண்டி விழுது" என்றால் குளிக்கத் தடை. வந்தாலும் தள்ளி நின்று பார்த்துவிட்டு, பார்டர் புரோட்டா சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

யோசித்துப் பார்த்தால் இதுவும் ஓர் அளவுகோல்தான். பாறையின் கிளைகளையும் சிமென்ட் வளைவையும் வைத்து, மலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்று தலைமுறைகளாக அளந்துகொண்டிருக்கிறோம். குளிக்கப் போவதற்கு இந்தக் கணக்கு போதும். இன்னும் அரை மணி நேரத்தில் வெள்ளம் வருமா, இந்தத் தண்ணீர் எந்த அளவுக்குச் சுத்தம், இருபது வருடம் கழித்தும் ஆடிச் சாரலில் அருவி விழுமா என்று கேட்டால் இந்தக் கணக்கு கைவிரித்துவிடும்.

அந்தக் கேள்விகளுக்கு விடை தேடச் சொல்லித்தரும் படிப்பு, குற்றாலத்திலிருந்து பஸ் பிடித்தால் போய்விடக்கூடிய தூரத்திலேயே இருக்கிறது. தென்காசி என்றதும் மத்தளம்பாறை ஜோஹோ அலுவலகத்தை நினைப்பவர்கள் அதிகம். ஆழ்வார்குறிச்சியில் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு மையம் இருப்பது உள்ளூர்ப் பிள்ளைகள் பலருக்கே தெரிவதில்லை.

கடனாநதிக் கரையில் ஒரு மையம்

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில், கடையம் தாண்டினால் ஆழ்வார்குறிச்சி. ஏறத்தாழ 25 கிலோமீட்டர். திருநெல்வேலி - தென்காசி ரயில் பாதையில் ஸ்டேஷனும் உண்டு. மேற்கே சிவசைலம், அதற்கும் மேலே கடனாநதி அணை, பின்னால் பொதிகை மலைத்தொடர். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் உயராய்வு மையம் இங்கேதான் இருக்கிறது. பரமகல்யாணி என்பது சிவசைலம் கோயில் அம்மனின் பெயர்.

இங்கே சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்ஸி படிக்கலாம், பிஹெச்.டி ஆய்வும் செய்யலாம். அறிவியல் பட்டதாரிகளுக்கான படிப்பு இது. எந்தெந்த இளநிலைப் பாடங்களை ஏற்றுக்கொள்கிறார்கள், கட்டணம் எவ்வளவு என்பதையெல்லாம் பல்கலைக்கழகத்தின் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பிப் போக வேண்டாம்.

இடம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். தென்காசி மாவட்டத்தில் மட்டும் கடனாநதி, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என்று ஐந்து அணைகள். அடவிநயினார் 132 அடி என்றால், குண்டாறு 36 அடி சொச்சம்தான். மழை வலுத்தால் சீக்கிரமே நிரம்பி வழிந்து செய்தியில் வருவது இந்தச் சின்னக் குண்டாறுதான். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு, ஐந்தருவி ஆறு, குண்டாறு, அரிகர நதி, அனுமன் நதி, அழுதகண்ணி ஆறு எல்லாவற்றையும் வழியில் சேர்த்துக்கொண்டு, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் சேரும் வற்றாத ஆறு தாமிரபரணி. காடு, அருவி, அணை, அணைக்கட்டு, குளம், வயல், முகத்துவாரம் என ஒரு ஆற்றின் முழுக் கதையையும் காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் பார்த்துவிட்டு வரலாம். டெல்லியிலோ பெங்களூரிலோ படிப்பவர்கள் இதற்கு ஃபீல்டு ட்ரிப் போட வேண்டும்.

2024 மே 17

தண்ணீரை அளப்பது ஏன் உயிர்ப் பிரச்னை என்பதை, அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் போன் திரையில் பார்த்தோம். கோடை மழைக்கு அருவியில் தண்ணீர் வந்திருக்கிறது என்று பழைய குற்றாலத்துக்கு வந்தவர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென வெள்ளம் பாய்ந்தது. படிகளில் ஏறி, கம்பிகளைப் பிடித்து ஓடித் தப்பினார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார்.

இந்த மாதிரி வெள்ளம் எப்படி வருகிறது? கீழே நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இருக்காது. மலைக்கு மேலே, காட்டுக்குள், நம் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பிடிப்புப் பகுதியில் கொட்டித் தீர்த்திருக்கும். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 1 கோடி லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் ஏற்றினால் 830 லாரிக்கு மேல் வேண்டும். அதே பரப்பில் 5 சென்டிமீட்டர் பெய்தால் 5 கோடி லிட்டர். மண் ஆழமாக இருந்தால் அதில் கொஞ்சம் ஊறும். செங்குத்துப் பாறையில் எங்கே ஊற? பெரும்பகுதி ஓடைக்கு வந்து, ஓடைகள் ஒன்றுசேர்ந்து, ஒரே வாசல் வழியாகக் கீழே இறங்குகிறது. அந்த வாசலுக்குத்தான் அருவி என்று பெயர் வைத்துக் குளிக்கிறோம்.

மேலே மழை பெய்த நேரத்துக்கும் கீழே வெள்ளம் வந்து சேரும் நேரத்துக்கும் உள்ள இடைவெளி எத்தனை நிமிடம்? நீரியல் படிப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் கணக்குகளில் ஒன்று இது. நீர்ப்பிடிப்பின் பரப்பு, சரிவு, ஓடையின் நீளம், மண்ணின் தன்மை, ஏற்கெனவே மண் எவ்வளவு ஈரமாக இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. வெளியே வரும் விடை ஒரு சின்ன எண். பத்து நிமிடமா, முப்பது நிமிடமா? விசில் ஊதி எல்லோரையும் கரையேற்ற அந்த எண்தான் உதவும். அதைச் சரியாகச் சொல்ல, மலையில் மழைமானியும் கீழே நீரோட்ட அளவீடும் வருடக்கணக்கில் தொடர்ந்து ஓடியிருக்க வேண்டும். அந்தத் தரவை உட்கார்ந்து படிக்க ஆட்களும் வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தென்மாவட்டங்கள் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகள் நடுவழியில் சிக்கிக்கொண்டார்கள். வெள்ளத்தைப் பற்றிப் படிக்க இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

குளிக்கிற தண்ணீருக்கும் மார்க் உண்டு

சுற்றுச்சூழல் படிப்பு என்றால் மரக்கன்று நடுவது, பிளாஸ்டிக் ஒழிப்பு பேரணி போவது என்று நினைப்பவர்கள் உண்டு. வகுப்பின் பெரும்பகுதி ஆய்வுக்கூடத்தில் பிப்பெட்டும் கையுமாகத்தான் கழியும்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நாட்டின் ஆறுகளை அவற்றின் பயன்பாட்டை வைத்துத் தரம் பிரித்திருக்கிறது. வெட்டவெளியில் குளிக்க ஏற்ற தண்ணீர் 'பி' வகுப்பு. அதற்கு நாலு நிபந்தனைகள் உண்டு. ஒரு லிட்டரில் கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். உயிரிய ஆக்சிஜன் தேவை, அதாவது பி.ஓ.டி, 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பி.ஹெச் 6.5-லிருந்து 8.5-க்குள். 100 மில்லி தண்ணீரில் கோலிஃபார்ம் பாக்டீரியாவின் கணக்கு 500 அல்லது அதற்குக் கீழே.

பி.ஓ.டி என்றால் பயந்துவிட வேண்டாம். தண்ணீரில் அழுக்கு இருந்தால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகும்; அவை ஆக்சிஜனை உறிஞ்சும். மாதிரியை 27 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் மூடி வைத்து, எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது என்று பார்க்கிறார்கள். எண் கூடக் கூட தண்ணீரின் வண்டவாளம் தெரியும்.

பாறையில் மோதிச் சிதறி விழும் அருவியில் காற்று தாராளமாகக் கலப்பதால், ஆக்சிஜன் பரீட்சையில் அது சுலபமாகவே தேறும். அதே தண்ணீரில் விடுமுறை நாள் கூட்டம் மொத்தமும் குளித்த பிறகு? குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை இருக்கிறது. ஷாம்பு பாக்கெட் பாறை இடுக்கில் கிடப்பதும் எல்லோருக்கும் தெரியும். அருவிக்கு மேலே ஒரு மாதிரி, குளிக்கும் இடத்துக்குக் கீழே ஒரு மாதிரி, தென்காசி ஊரைத் தாண்டிய சிற்றாற்றில் ஒரு மாதிரி என்று மூன்று பாட்டில் எடுத்து, சீசனில் ஒரு முறையும் சீசன் முடிந்து ஒரு முறையும் சோதித்தால் அது ஒரு எம்.எஸ்ஸி புராஜெக்ட். பெரிய கருவிகள் தேவையில்லை. பாட்டிலைச் சரியாகக் கழுவும் பொறுமை இருந்தால் போதும். (இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். சரியாகக் கழுவாத பாட்டிலால் மொத்த முடிவும் தப்பாகிவிடும்.)

மழை குறைந்த கிழக்குப் பக்கம் போனால் கேள்வி மாறுகிறது. சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டத்தில் செல்ஃபி எடுக்காதவர்கள் குறைவு. பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பவர்கள் அதைவிடக் குறைவு. இந்தப் பகுதி கடினப்பாறை நிலம். பாறையின் வெடிப்புகளில் நிற்பதுதான் நிலத்தடி நீர். மணல் பூமி மாதிரி சேமிப்பு கிடையாது. மாதத்துக்கு ஒரு நாள், குறித்த சில கிணறுகளில் நீர்மட்டம் அளந்து வைத்தாலே இரண்டு வருடத்தில் பேசத் தகுந்த தரவு சேர்ந்துவிடும்.

ஊட்டி சொன்ன 16 சதவிகிதம்

'அளந்து என்ன ஆகப்போகிறது?' என்பவர்களுக்கு நீலகிரியில் ஒரு பதில் இருக்கிறது. ஊட்டியிலுள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு மையம், கிளென்மார்கன் பகுதியில் பக்கத்துப் பக்கத்திலிருந்த இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தது. ஒன்றைப் புல்வெளியும் சோலையுமாக அப்படியே விட்டார்கள். இன்னொன்றின் ஒரு பகுதியில் யூகலிப்டஸ் நட்டார்கள். இரண்டின் ஓடை வாயிலிலும் நீரோட்டத்தைத் தொடர்ந்து அளந்தார்கள். 1970-களில் தொடங்கிய முதல் பத்தாண்டு முடிவில், மரம் நட்ட பக்கம் நீர்வரத்து சராசரியாக 16 சதவிகிதம் குறைந்திருந்தது. மரங்களை வெட்டி, மறுபடி துளிர்க்கவிட்ட அடுத்த பத்தாண்டில் 25.4 சதவிகிதம். மரம் என்றாலே நல்லதுதானே என்று பொத்தாம் பொதுவாகப் பேசியவர்களை யோசிக்க வைத்த எண்கள் இவை. எந்த மரம், எந்த மலை என்று கேட்க வேண்டும் என்பதை இருபது வருடப் பொறுமைதான் சொல்லிக்கொடுத்தது.

அமெரிக்காவில் ஹப்பார்டு புரூக் என்ற காட்டில் 1963-லிருந்து சின்னச் சின்ன ஓடைகளை இப்படி அளந்துவருகிறார்கள். வட அமெரிக்காவில் அமில மழை பெய்கிறது என்பதை அந்தத் தரவுதான் காட்டிக்கொடுத்தது. அமில மழையைத் தேடி யாரும் அங்கே போகவில்லை. வாராவாரம் மழைநீரைப் பிடித்துச் சோதித்தார்கள், தெரிந்தது.

குற்றாலத்திலும் இப்படிக் கேட்க வேண்டிய கேள்விகள் குவிந்து கிடக்கின்றன. தனியார் ரிசார்ட்டுகள் இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்குவதாக வந்த வழக்கில், 2022-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது. 'இந்த ஓடையில் முன்பு இவ்வளவு தண்ணீர் போனது, இப்போது இவ்வளவுதான் போகிறது' என்று சொல்ல யாராவது அளந்து வைத்திருந்தால்தான், இது மாதிரி வழக்குகளில் பேச்சு பேச்சாக நிற்காது.

"இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?"

வீட்டில் வரும் கேள்விக்கு வருவோம். கடையம், ஆலங்குளம், முக்கூடல் பக்கம் அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசில் கல்லூரிக்குப் போகும் பெண்கள் நிறையப் பேர். அந்த வீட்டில் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும், வரவும் வேண்டும். 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இளநிலைப் படிப்பு வரைதான், எம்.எஸ்ஸி-க்கு வராது. இரண்டு வருடச் செலவை முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

உள்ளதைச் சொல்லிவிடுவோம். சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்ஸி முடித்த கையோடு அரசு வேலை கிடைத்துவிடாது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் முதுகலை அறிவியல் படித்தவர்களுக்குச் சுற்றுச்சூழல் விஞ்ஞானி பதவி இருக்கிறது. பொறியியல் படித்தவர்களுக்கு உதவிப் பொறியாளர் பதவி. ஆனால் அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், அதற்காக வருடக்கணக்கில் காத்திருப்பது புத்திசாலித்தனம் இல்லை.

தனியார் பக்கம் கதவு கொஞ்சம் அகலமாகவே திறந்திருக்கிறது. புதிய தொழிற்சாலைக்கும் சுரங்கத்துக்கும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவைப்படுகிறது. அதைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கு ஆட்கள் வேண்டும். தண்ணீர் பரிசோதனைக் கூடங்கள், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் எவ்வளவு தண்ணீர் எடுக்கின்றன, எவ்வளவு கழிவு விடுகின்றன என்பதை 2022-23 நிதியாண்டிலிருந்து ஆண்டுதோறும் அறிக்கையாகத் தர வேண்டும் என்று செபி கட்டாயமாக்கிவிட்டது. அந்தக் கணக்கை எழுதவும் ஆட்கள் தேவை. குளம், கண்மாய் சீரமைப்பில் ஆர்வமிருந்தால் மதுரையின் தானம் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் இருக்கின்றன.

ஆராய்ச்சிதான் ஆசை என்றால், யு.ஜி.சி நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடம். ஜே.ஆர்.எஃப் தேறினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, கூடவே வீட்டு வாடகைப் படி. பிஹெச்.டி படித்துக்கொண்டே வீட்டுக்குப் பணம் அனுப்பலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாத செய்தி. இதே மலைத்தொடரில் மணிமுத்தாற்றில் ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் இயங்குகிறது. 2011-லிருந்து ஜனவரி தோறும் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களும் கலந்துகொள்கிறார்கள். பைனாகுலர் பிடிக்கத் தெரியாதவர்களும் போகலாம், கற்றுத்தருவார்கள். களப்பணி நமக்கு ஒத்துவருமா என்று எம்.எஸ்ஸி சேரும் முன்பே தெரிந்துகொள்ள இதைவிடச் செலவில்லாத வழி இல்லை.

வேறு ஊர்களும் உண்டு. பி.இ முடித்தவர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம். கேட் தேர்வில் 2021-லிருந்து சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியலுக்குத் தனித் தாளே வந்துவிட்டது. ஐ.ஐ.டி மெட்ராஸ், ஜெர்மனியின் டிரெஸ்டன், ஆஹன் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நீர்ப் பாதுகாப்பு பற்றிய கூட்டு முதுகலைப் படிப்பை நடத்துகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் தண்ணீர்ப் படிப்புக்கென்றே ஒரு நிறுவனம் 1957-லிருந்து இருக்கிறது. கடலுக்குக் கீழே நிலம் இருக்கும் நாடு, தண்ணீரைப் படிக்காமல் எப்படித் தூங்கும்?

எங்கே சேர்ந்தாலும் மூன்று வேலைகள் தெரிந்திருந்தால் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் நிற்கலாம். ஆய்வுக்கூடத்தில் தண்ணீர் மாதிரியைப் பிசகில்லாமல் சோதிப்பது, க்யூ.ஜி.ஐ.எஸ் என்ற இலவச மென்பொருளில் வரைபடம் போடுவது, ஓர் ஓடையில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று நேரில் அளப்பது.

கடைசியாகச் சொன்னதை இந்த வாரமே முயலலாம். காட்டுக்குள் போக வேண்டாம், அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். ஊர் வாய்க்கால் போதும், முழங்காலுக்குக் கீழே தண்ணீர் இருக்கும் நாளாகப் பார்த்து, துணைக்கு ஆளோடு போங்கள். நேரான ஓர் இடத்தில் பத்து மீட்டர் அளந்து, ஒரு காய்ந்த குச்சியை மிதக்கவிட்டு, கடக்கும் விநாடிகளை எண்ணுங்கள். தூரத்தை விநாடியால் வகுத்தால் மேற்பரப்பு வேகம். அடியில் தண்ணீர் மெதுவாகப் போகும் என்பதால் அதை 0.85-ஆல் பெருக்குங்கள். வாய்க்காலின் அகலத்தையும் சராசரி ஆழத்தையும் அதோடு பெருக்கினால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வந்துவிடும். பேப்பரில் அணை நீர்வரத்து என்று போடும் ஒரு கன அடி, 28.3 லிட்டர்.

மழைக்கு, வாய் முதல் அடி வரை ஒரே அகலமுள்ள ஒரு டப்பா போதும். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்கள். வானிலைத்துறை மழை அளவெடுப்பது காலை 8.30 மணிக்கு. நீங்களும் அதே நேரத்தில் ஸ்கேலை விட்டு மில்லிமீட்டர் பார்த்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். மழை பெய்யாத நாளிலும் மறக்காமல் '0' என்று எழுத வேண்டும்.